ஒரு போனில் ஒன்பது பேர்

"ஹலோ... ஆமாங்க, தயானிதான். யாரு பேசுறது?... ஓ, மபாஸ் சேரா. சொல்லுங்க சேர்."

காலையிலிருந்து தன் போனை அணைத்துப் பைக்குள் போட்டு வைத்திருந்தாள் தயானி. கொழும்பு தன்னைத் தேடிக்கொண்டு அடுத்தவர் போனில் வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவேயில்லை. ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயமொன்றின் இஸ்தோப்புத் திண்ணையில், ரெங்கம்மா கொடுத்த தேத்தண்ணியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். கொடுத்தாளே தவிர, கொழுந்து எடுத்துவிட்டு வந்த ரெங்கம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. போன் அடித்ததும் எடுத்துக் கேட்டுவிட்டுத் தயானியிடம் நீட்டினாள், அவ்வளவுதான்.

"இந்த நம்பர் யாரு குடுத்தா?... றிப்னாவா. சரி, சரி... பதினோரு தடவ எடுத்தீங்களா. இல்ல சேர், ஒளிஞ்சுக்கல. ஒரு ஆளப் பாக்க வந்தேன்."

றிப்னா பதுளை பஜாரில் போன் கடை வைத்திருப்பவரின் மகள். இரண்டு வருஷத்துக்கு முன் இவளும் அவளும் சேர்ந்து தோட்டத்து ஆட்களுக்கு ஒரு செயலி செய்தார்கள். காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கிற இடத்துப் பேரையே, பெரட்டு என்று, அதற்கு வைத்தார்கள். மபாஸ், புதுத் தொழில்களைத் தூக்கிவிடுகிற கொழும்புக் கம்பனியின் ஆள். ஆறு மாதமாகப் பெரட்டு ஓடுவது அந்தக் கம்பனியின் இயந்திரத்தில்.

"சனிக்கிழம கூட்டமா? ஆமா, ஆமா, ஞாபகம் இருக்கு. புதுசா தொழில் தொடங்குற பிள்ளைகளுக்கு நான் பேசணும், சமூகச் செயலி எப்படி ஜெயிக்குதுன்னு... ம். நீங்க எழுதி அனுப்பினத படிச்சேன். படிச்சிட்டுத்தான் சேர் பஸ் ஏறினேன்."

"... நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. செவப்புப் புள்ளி வைக்கணும், மணி அடிக்கணும், ஒரு நாள் வராதவன மறுநாள் இழுத்துட்டு வரணும்... ஆமா, ஆமா, உலகம் முழுக்க அப்படித்தான். ஆனா எங்க ஆளுக எதுக்கு வந்தாங்கன்னு அதுல எங்கயும் இல்லியே?"

"... சொல்றேன், கேளுங்க. கேதம் சொல்லத்தான் வந்தாங்க... ஆமா சேர், சாவுதான். இங்க ஒருத்தர் செத்தா தம்பி மொனராகலையில இருப்பாரு, சித்தப்பா லுணுகலையில இருப்பாரு. முந்தி ஒரு ஆள பஸ்ல ஏத்தி அனுப்புவாங்க. போன் வந்தப்புறம் யாருக்குச் சொன்னோம், யார விட்டோம்னு ஒரே சண்ட. சேதி வராத வீட்டுக்காரங்க அந்த வீட்டுல பத்து வருசத்துக்கு கை நனைக்க மாட்டாங்க. அதுக்குத்தான் இதச் செஞ்சோம். ஒரு தடவ வாயால சொன்னா, சொந்தம் இருக்கிற எல்லா லயத்துக்கும் அந்தக் கொரல் போகும். எழுதவும் வேணாம், படிக்கவும் வேணாம். அம்புட்டுதான் எங்க கெட்டித்தனம்."

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அவள் அதை ஓரமாக வைத்தாள்.

"கள்ளப் பேரா?... அதுக்குத்தான் வாறேன் சேர். இந்த போனையே எடுங்க. இப்ப நீங்க பேசுறீங்களே, இதே போன்தான். இதுல ஒம்பது பேரு இருக்காங்க. ரெங்கம்மா அத்தை, அவங்க மருமக, பக்கத்துக் காம்பராக்காரங்க... ஆமா, ஒரே போன்தான். பகல்ல லயத்துல கெடக்கும், சாயந்தரம் வேல விட்டு வந்து எல்லாரும் சுத்தி ஒக்காந்து கேப்பாங்க. ஒங்க மெஷினுக்கு மட்டும் அது ஒரு கள்ளன், ஒம்பது பேரு வச்சிருக்கான்."

போன மாதம் கம்பனியிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு போன். எல்லாவற்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பேர். நீக்கு என்ற பொத்தானை அழுத்தியவள் தயானிதான். எட்டுப் பேருக்கு ஒரு காம்பரா, ஒரே அறை, என்று வளர்ந்தவளுக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தவுடனே விளங்கியிருக்க வேண்டும். விளங்கத்தான் செய்தது. ஆனாலும் கழுத்துப்பட்டி கட்டிய பெரிய மனிதர்கள் முன்னால் சுத்தமான பட்டியலைக் காட்டுகிற ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அதை நினைக்கிறபோதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"... சின்னப் பிழையா? சேர், போன செவ்வாக்கிழம மொனராகலையில தம்பையான்னு ஒருத்தர் தவறிப் போயிட்டாரு. ரப்பர்ல பால் வெட்டுறவரு. இந்த அத்தையோட கூடப் பொறந்த தம்பி. அவரு மகன் பெரட்டுல முறையா சொல்லியிருக்கான், ஒவ்வொரு சொந்தத்தையும் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கான். இந்த போனுக்கு வரல. நாமதான் தூக்கிட்டோமே."

"... இருங்க, முடிக்கல. வெள்ளிக்கிழம மடுவத்துல கொழுந்து நிறுக்கையில வேற லயத்துப் பொம்பள கேட்டிருக்கா, நீ ஏன் போகலன்னு. அப்பத்தான் இவங்களுக்கே தெரியும். மருமகதான் றிப்னாகிட்ட வந்து சொன்னா. மண்ணு போட்டு ரெண்டு நாளாச்சு சேர். கடைசியா மொகம் பாக்கல."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. தயானி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"... இல்ல, ஒங்க மேல போடல. சொன்னது நீங்க, அழுத்தினது நான். அதுக்குத்தான் நானே வந்தேன்... ம்... ம்... சேர், இன்னொரு விசயமும் சொல்லிர்றேன். எல்லாத்தையும் திறந்துட்டோம்... ஆமா, இரநூத்திப் பன்னெண்டையும். இன்னைக்குக் காலையில, நானும் றிப்னாவும்."

"... கத்தாதீங்க சேர். லயம் முழுக்கக் கேக்குது."

"... ஒப்பந்தத்துல இருக்கு. ஆமா, ஆமா, நாலாம் பக்கம். ஒரு போனுக்கு ஒரு பேரு. கையெழுத்து என்னோடதுதான், இல்லன்னு சொல்லல... ஆறு மணிக்கு ஒங்க மெஷின நிப்பாட்டுவீங்களா? நிப்பாட்டுங்க."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அதன் விலை தெரிந்தது. றிப்னா இதற்காக வங்கி வேலையை வேண்டாமென்று விட்டவள். இரண்டு வருஷம் இரண்டு பேரும் வேறொன்றையும் நினைத்ததில்லை. இனி இப்படியொரு கம்பனி பதுளைப் பக்கம் எட்டிப் பார்க்கப் போவதுமில்லை.

"... பயம் இல்லாமலா? இருக்கு. அதுக்காக?... றிப்னா வாப்பா கடையில பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கெடக்கு. ஒங்ககிட்ட வர்றதுக்கு முந்தி அதுலதான் ஓட்டினோம். மெதுவாத்தான் ஓடும். சேதி பத்து நிமிசம் பிந்தும். மூணு நாள் பிந்தாது."

"... கூட்டத்துக்கா? கூப்பிட்டா மேடையில பேசுவேன். கூப்பிடாட்டி கடைசி வரிசையில ஒக்காந்து கையத் தூக்குவேன். கேள்வி கேக்க யாரும் தடுக்க ஏலாதே... என்ன கேப்பேனா? அந்தப் பிள்ளைககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். நீ செய்யிறது நாளைக்கு நின்னுபோனா யாருக்கு வலிக்கும்? ஒரு ஆளு பேரச் சொல்லு. அந்த ஆளு வீட்டு வாசல்ல போய் ஒக்காந்து பாரு. பேரு சொல்லத் தெரியலன்னா செவப்புப் புள்ளி வச்சு என்னத்துக்கு?... இல்ல சேர், உணர்ச்சிவசப்படல. தொழில்தான் பேசுறேன். நீங்க எண்ணிக்கைய பாக்குறீங்க, நான் ஆளப் பாக்குறேன்."

அப்போது ரெங்கம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வெளியே வந்து நின்றாள். தயானி வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"இருங்க சேர்... என்ன அத்தை?... ஆமா, வேல செய்யுது. இதுலயேதான்... இப்பவா?... ஒங்க பேரு இருக்கு அத்தை, நானே பாத்தேன்... சரி... சரி அத்தை."

அவள் எழுந்து நின்றாள்.

"சேர், நான் வைக்கிறேன்... கோவமெல்லாம் இல்ல. அத்தைக்கு போன் வேணுமாம். அடுத்த புதன் அவங்க தம்பிக்குக் கருமாதி. இவங்க மாதிரி சேதி கிடைக்காதவங்க இன்னும் இருப்பாங்க, அவங்களுக்காவது சொல்லணுங்கிறாங்க... ஆறு மணிக்குத்தானே நிப்பாட்டுவீங்க? இப்ப அஞ்சரை. சொல்லி முடிச்சிருவாங்க."

அந்தப் பக்கம் இன்னும் பேசிக்கொண்டிருக்க, தயானி அழைப்பைத் துண்டித்து போனை ரெங்கம்மாவின் இன்னும் ஈரம் காயாத கையில் கொடுத்தாள்.