பெரட்டுக்கு வராத பாட்டுகள்

பிளேன்டி நல்லா சாயமா இருக்கு சார், பாலில்லாத டீன்னா இப்படித்தான் இருக்கணும். போலீஸ் ஸ்டேசன்ல இப்படிக் குடுப்பாங்கன்னு நினைக்கல. நீங்க தமிழ்ல கேக்குறதால எனக்கும் சொல்ல லேசா இருக்கு.

எங்க பேண்டுக்குப் பேரு பெரட்டு. காலையில தேயிலைத் தோட்டத்துல ஆள் கூப்பிட்டு நிறுத்துவாங்கல்ல, அதே பெரட்டுதான். பேரு வெச்சது கிஷாந்தன். பதுளை ஆஸ்பத்திரியில டாக்டரா இருந்த யாழ்ப்பாணத்து ஐயாவோட மகன். அவன் கிட்டார், நான் தப்பு அடிக்கிறவன். வாசிச்சது மெட்டல்தான், ஆனா நடுவுல பைலா ஆட்டப் பாட்டு வரும், காவடிப் பாட்டு வரும், திடீர்னு ரயில் சத்தம் வரும். தொண்ணூத்தாறுல அப்புத்தளையில வாசிச்சப்ப பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க. எங்களுக்கு அதுவே பெரிய சந்தோசம்.

அடுத்த வருசம் என் அக்கா தனலெட்சுமியோட மக விஜி காய்ச்சல்ல செத்துப்போச்சு. அப்பத்தான் ஸ்கூல்ல சேத்திருந்தாங்க. அக்கா வீட்டுக்காரரு சவுதியில. வர முடியல. எங்க லயத்து வரிசை வீடுகள்ல அப்படி ஆனா எழவு வீட்டு அழுகையை கேசட்டுல புடிச்சு அனுப்புவோம். அங்க இருக்குறவரும் கேட்டு அழணும்ல. அக்கா பிள்ளையைத் தொட்டுத் தொட்டு ஒப்பாரி வெச்சா, நான் ரெக்கார்ட் பண்ணினேன். பழைய கேசட்டா இருந்துச்சு. வேற நல்ல கேசட்டுல மாத்தி, டவுன்ல போஸ்ட் பண்ணுன்னு கிஷாந்தன்கிட்ட குடுத்தேன். அவனும் மாத்தி அனுப்பினான். பழசைத் தானே வெச்சுக்கிட்டான்.

அப்புறம் பேண்டு கலைஞ்சுச்சு, அவன் கொழும்புக்குப் போயிட்டான். ரெண்டாயிரத்தி அஞ்சுல, வெளிய வராம கெடந்த எங்க பாட்டையெல்லாம் பொறுக்கி ஒரு சீடி போட்டான். 'பெரட்டுக்கு வராத பாட்டுகள்'னு பேரு. அக்காவை கிளினிக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு பஜார்ல நிஸாம் நானா கடையில அதுதான் ஓடிச்சு. கிட்டாருக்கு நடுவுல அக்கா குரல். என் விஜி, என் விஜின்னு அவ அழுததை வெட்டி வெட்டி, திருப்பித் திருப்பி ஓட விட்டிருந்தான். கடையில நின்ன பொடியனுங்க தலையை ஆட்டிச் சிரிச்சானுங்க. அக்கா நடு ரோட்டுல நின்னுட்டா. அன்னைக்கிலேருந்து அவ பேச்சு நின்னுபோச்சு சார். சாப்புடுறியான்னு கேட்டாக்கூட தலையை மட்டும்தான் ஆட்டுவா.

நான் சண்டைக்குப் போற ஆள் இல்ல. கிஷாந்தனேதான் தேடி வந்தான், எங்க கோயில் திருவிழா சமயத்துல. ரெண்டாவது சீடி போடப் போறானாம்.

"மச்சான், தோட்டத்தில ஆரும் சாகக் கிடக்கினமோ? அக்கா அழுத மாதிரி இன்னொண்டு வேணும்."

எவ்வளவு சாதாரணமாக் கேக்குறான் பாருங்க. கெடைக்கும்னேன்.

கோயிலுக்குப் பின்னாடி பழைய ஃபெக்டரி மூடிக் கெடக்கு. தேயிலைத் தூள் மூட்டை அடுக்குற அறை ஒண்ணு அதுல இருக்கு, இரும்புக் கதவு. அங்க சத்தம் நல்லா எதிரொலிக்கும்னு சொன்னதும் அவனே முன்னாடி நடந்தான். உள்ள கழிவுத் தூள் முழங்கால் உயரத்துக்குக் கெடந்துச்சு. அவனுக்குச் சின்னதுலேருந்தே இழுப்பு. மூச்சுக்கு அடிக்கிற பம்பு ஜாக்கெட்டுல, புடிச்சுக்கன்னு அவன் கழட்டிக் குடுத்த ஜாக்கெட்டு என் கையில. அவன் கேசட் ரெக்கார்டரை ஓட விட்டு, கையைத் தட்டி எதிரொலி பாத்துக்கிட்டு நின்னான். நான் வெளிய வந்து கதவைச் சாத்தி கொண்டியைப் போட்டேன்.

கோயில்ல அன்னைக்கு நான்தான் தப்பு. விரல் வீங்குற வரைக்கும் அடிச்சேன். அவன் கத்துனது யாருக்கும் கேக்கலைன்னா அதுக்குக் காரணம் நான்தான், வேற யாரையும் குத்தம் சொல்லாதீங்க. இந்த வருசம் அடி பிரமாதம்னு பூசாரிகூட சொன்னாரு. கூட்டம் கலைஞ்சதும் போய்க் கதவைத் தொறந்தேன். முகமெல்லாம் தூளா இருந்துச்சு, தொடைச்சு விட்டேன். ரெக்கார்டரை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

எல்லாமே அக்காவுக்காகத்தான் சார். அவ அழுகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தவன் எப்படி அழுதான்னு அவ கேக்கணும். கேட்டா அவளுக்குப் பேச்சு வந்துரும்னு நம்பினேன். லயத்துல அவளை உக்கார வெச்சு கேசட்டைப் போட்டேன். அவன் மொதல்ல என் பேரைச் சொல்லிச் சிரிச்சான். அப்புறம் கதவைத் தட்டினான். கடைசியில அம்மா, அம்மான்னு மட்டும் இழுத்தான்.

பேச்சு வந்துச்சு. மாரில அடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. "ஐயோ என் மகனே, ஒரு வாய் மூச்சுக்குத் தவிச்சியே"ன்னு அவனுக்கு ஒப்பாரி வெச்சா, பெத்தவ மாதிரி. லயத்துச் சுவரு மெலிசு, பக்கத்து வீட்டு ஆளுங்கள்லாம் ஓடியாந்துட்டாங்க. அப்படித்தான் உங்களுக்கும் தகவல் வந்திருக்கும்.

அந்த ஆளுங்க கதவைத் தட்டுறதுக்குள்ள நான் கேசட்டைத் திருப்பிப் போட்டு, அக்கா ஒப்பாரியைப் புடிக்க ரெக்கார்ட் பட்டனை அமுக்கிட்டேன். உங்காளுங்க அதை எடுத்துட்டுப் போயிருக்காங்க. பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க சார். விஜிக்குக்கூட அக்கா இவ்வளவு நல்லா அழுததில்ல.