எத்தனாவது பாடம்

தூத்துக்குடி பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பேராசிரியைகள். மூன்று கல்லூரிகள் சேர்ந்து ஆன்லைனில் தொடங்கும் குடும்ப நிதித் திட்டமிடல் முதுநிலைப் படிப்புக்குப் பாடங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

“வீடு கட்டுறது பத்தாவது பாடமா? எங்க காயல்பட்டினத்துல பொம்பளப் பிள்ள பொறந்ததுமே அதுதான் மேடம் முதல் பாடம். கல்யாணத்துக்கு முந்தி அவ பேர்ல வீடு வேணும்.”

“கட்டுதது யாரு?”

“வாப்பா, இல்லேன்னா காக்கா, அதான் அண்ணன். எங்க காக்கா துபாய்லயே கெடந்து தங்கச்சிமாரு எங்க மூணு பேருக்கும் கட்டிட்டாக. இந்தப் படிப்புக்கு மொத ஆளா பேர் குடுத்திருக்காக.”

“இனிமே அவுகளுக்கு எதுக்கு?”

“தனக்குன்னு திட்டம் போடுறது எத்தனாவது பாடம்னு கேட்டாக.”

“என்ன சொன்னிய?”

“சிலபஸ் இன்னும் முடியலன்னு சொன்னேன்.”