அரக்கனுக்குக் கண் திறத்தல்

– சிரிக்காமச் சொல்லு லோஜி. சனிக்கிழமை போட்டிக்கு இத வைக்கலாமா, வேணாமா?

– சிரிக்கலங்க. இந்த அரக்கன் என்னையப் பாக்குறானா, அடுப்பப் பாக்குறானான்னு யோசிக்கிறேன்.

– ரெண்டு கண்ணும் நேராத்தானே இருக்கு.

– ஒன்னு நேரா இருக்கு. மத்தது கன்னத்துல இருக்கு.

– சுண்டுவிரல் ஒசரப் பொம்மை. கண்ணு கடுகுல பாதி. நீ ஒருக்கா வரைஞ்சு பாரேன், தெரியும்.

– எனக்கு எதுக்கு? நீங்கதான் காலையில ஸ்கூல் பிள்ளைகள எறக்கிட்டு, வேன நிப்பாட்டிட்டு வந்ததும் பிரம்மா மாதிரி உக்காந்துடுறீங்க. சோறு ஆறிப்போறது கூடத் தெரியல.

– சொல்லப்போனா, படைக்கிறதும் லேசுப்பட்ட வேலையில்ல. கேலி பண்ணு, பரவாயில்ல. ஆனா இந்தத் தடவை பொம்மைக்குச் சாயமடிக்கிற அந்தப் போட்டி மேசையில என்னோட பொம்மையும் நிக்கணும் லோஜி. கொழும்புல இருந்தெல்லாம் வர்றாங்க. மஹய்யாவையில இருந்து நான் ஒருத்தன்தான். மூணு தடவை போட்டோவப் பாத்துட்டே வேணாம்னுட்டாங்க.

– மொதல் தடவை போட்டோவுல எறும்பு இருந்துச்சே.

– அத ஏன் இப்ப இழுக்குற?

– பின்ன? காலுக்குக் கீழ இருக்குற தட்டு காட்டுத்தரை மாதிரி தெரியணும்னு தேத்தண்ணிச் சக்கைய அள்ளி ஒட்டுனீங்க. தேயிலைத் தோட்டத்துல பொறந்த மனுசன். அது சீனி போட்டுக் கொதிக்க வச்ச சக்கைன்னு யோசிக்க வேணாமா? காலையில பாத்தா அரக்கனத் தூக்கிட்டுப் போக ஒரு படையே வந்து நிக்குது.

– அதுக்கப்புறம் கழுவி, வெயில்ல காய வச்சுத்தானே ஒட்டுறேன். போட்டி நடத்துற மர்சூக் நானாவே என்ன எழுதுனாரு? தரை அசல் காடு மாதிரி இருக்குன்னு எழுதுனாரு.

– அந்த ஒரு வரியப் படிச்சிட்டு ஃபோன மூடிட்டீங்க. கீழ இன்னும் நாலு வரி இருந்துச்சு. நான் படிச்சேன். ‘லெட்சுமணன், ஏன் கண்ணக் கடைசியில வைக்கிறீங்க’ன்னு உங்களக் கேட்டிருக்காரு. மொதல்லயே கண்ண வச்சிட்டா, சாயம் சிந்துனாலும் மூஞ்சிக்கு அடிக்கிற நெறத்தால மறைச்சிரலாமாம்.

– அது அவரோட பழக்கம். நம்ம கோயில்ல சாமிக்கு எப்பக் கண்ணு தொறக்குறாங்க? எல்லா வேலையும் முடிஞ்சு கடைசியிலதானே. முடியாத உருவம் நம்மளப் பாக்கக்கூடாது. எனக்குக் கை வராது.

– நல்ல கதை. அதுக்குன்னு அரக்கனுக்குக் கண்ணு தொறக்க வெள்ளிக்கிழமையாப் பாத்து, தலைக்குக் குளிச்சு, நான் ஆக்குன மீன் கொழம்பையும் வேணாம்னீங்க பாருங்க. அவனே ஆளத் திங்கிறவன்.

– சிரி, சிரி. கடைசியில அவர் சொன்னதக் கேட்டேன்ல? உன் கையில இருக்கானே, இந்த நாலாவது ஆளு, இவனுக்கு மொதல்லயே கண்ண வச்சிட்டேன். அரை மனசாத்தான் வச்சேன். சாமி குத்தம் ஆயிடுமோன்னு பயமாக்கூட இருந்துச்சு.

– மொதல்ல வச்சுமா இப்படி வந்துச்சு?

– வந்துச்சு. மூணு தடவை மறைச்சு மறைச்சு திரும்ப வச்சேன். வைக்கிறப்ப நேராத்தான் இருக்கு. நீ பாத்தா கன்னத்துல இருக்குங்குற.

– மத்த மூணு பேரையும் எடுத்துட்டு வாங்க. இவனுக்குப் பக்கத்துல வரிசையா வைங்க.

– என்ன, வீட்டுலயே போட்டி நடத்துறியா?

– வைங்கங்க. இவனுக்கு எந்தக் கண்ணு எறங்கியிருக்கு? உங்க இடது கைப் பக்கம் இருக்குற கண்ணு. இவனுக்கு? அதே பக்கம். இவனுக்கும் அதேதான். நாலாவது ஆளுக்கும் அதேதான்.

– சொல்லப்போனா, எனக்கு அந்தப் பக்கம் ராசியில்ல.

– ஃபோன்ல உங்க பொம்மைக் குரூப்புல வந்ததெல்லாம் நேத்து உக்காந்து படிச்சேன். அவங்க பாராட்டுனத மட்டும் நீங்க எனக்கு வாசிச்சுக் காட்டுவீங்க. மிச்சத்த நான் பாத்தேன். யாரோ போலந்துக்காரன், தோள்ல ஒரு பக்கம் கோடு தாண்டி அடிச்சிருக்குன்னு எழுதியிருக்கான். கொழும்புல இருந்து சஞ்சீவனின்னு ஒரு பொண்ணு, தட்டோட விளிம்புல ஒரு பக்கம் கறுப்பே படலையேன்னு கேட்டிருக்கு. ஆளாளுக்கு ஒவ்வொன்னு சொல்றாங்கன்னுதான் நெனச்சேன். போட்டோவப் பெருசாக்கிப் பாத்தேன். எல்லாரும் ஒரே பக்கத்தத்தாங்க சொல்லியிருக்காங்க.

– விளக்கு வலது பக்கம் இருக்குல்ல. இடது பக்கம் நிழல் விழுந்திருக்கும்.

– விளக்க மாத்தி வச்சு ஒரு மாசம் ஆச்சு.

– அப்ப பிரஷ்ஷு தேஞ்சிருக்கும்.

– இடது பக்கத்துக்கு மட்டும் தேயிற பிரஷ்ஷ நான் பாத்ததில்ல. போன கிழமை குண்டசாலையில வேன் உரசுச்சே, அதுவும் பிரஷ்ஷாலயா?

– அந்த மதில் ரோட்டுக்கு நீட்டிக்கிட்டு இருக்கு லோஜி. யாரு போனாலும் உரசும்.

– இருபது வருசமா அந்த மதில் அங்கதான் இருக்கு. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரலங்க. ஒன்னே ஒன்னு செய்ங்க. வலது கண்ண நல்லாப் பொத்துங்க.

– பரீட்சையா? ஒன்றரைக்கு ஸ்கூல் விட்டுரும். பதினாலு பிள்ளைக நின்னுக்கிட்டு இருக்கும்.

– அதுக்குள்ள முடிஞ்சிரும். விரல் இடுக்கால பாக்கக்கூடாது. உங்க பிரஷ்ஷுங்கள எடுத்து உங்க மூஞ்சிக்கு நேராப் பிடிப்பேன். எத்தனைன்னு சொல்லணும்.

– சரியாச் சொன்னா சனிக்கிழமை விடுவியா?

– நானே பொட்டியில வச்சுத் தூக்கிட்டு வர்றேன். முன்வரிசையில உக்காந்து கையும் தட்டுறேன்.

– வாக்கு மாறக்கூடாது. சரி, பொத்திட்டேன். ஜன்னல் வெளிச்சம் தெரியுது. உன் சிவப்புச் சட்டை தெரியுது. ஏய், ஏமாத்துறியா? நீ இன்னும் கையத் தூக்கவே இல்லையே.

– உங்க மூஞ்சிக்கு நேராத் தூக்கித்தாங்க வச்சிருக்கேன். வேன் சாவியக் குடுங்க.