நீர்மூழ்கிச் சின்னத்தின் பின்பக்கம்

என் மனைவி அக்னெஸுக்கு எப்போதும் கால்தான் முதலில் குளிரும். நவம்பர் பிறந்துவிட்டால் காலைத் தேநீரை அவள் உட்கார்ந்து குடிப்பதில்லை. பேஸ்மெண்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் சூட்டுக்காற்று, சமையலறைத் தரையில் ஓர் இரும்புச் சல்லடை வழியாக மேலே வரும். அதன்மேல் வெறுங்காலோடு நின்று, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள்.

"இஞ்சாருங்கோ, இந்த வீட்டிலை உருப்படியா வேலை செய்யிறது இது ஒண்டுதான்" என்றாள் அன்றும். நான் சிரித்துவிட்டுக் கீழே, பேஸ்மெண்டில் இருந்த என் வேலைமேசைக்கு இறங்கினேன். எல்லாம் ஒழுங்காக இருந்த கடைசிக் காலை என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்று நீங்கள் சொன்னதற்கு நன்றி. வாயால் சொன்னால் நான் இடையில் நிறுத்திவிடுவேன்.

முதல்நாள் விசாரணையில் கேட்டீர்கள், தேவதாசன் என்ற யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கனுக்கு ஜெர்மன்காரரின் போர்ச் சின்னங்களோடு என்ன வேலை என்று. நியாயமான கேள்வி. மொன்றியலுக்கு வந்த நாள்முதல் நான் உலோகத்துக்கு முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பவனாக இருந்தேன். ஆவி எங்கே எழுகிறது, எந்தக் குழாயால் போகிறது, யார் மூச்சில் படுகிறது என்று பார்ப்பதும் என் பொறுப்பு. தொழிற்சாலை மூடப்பட்டபோது, கூட வேலை செய்த ஒருவர் தன் மாமனாரின் பெட்டியில் கிடந்த, நீர்மூழ்கிக் கப்பற்படையினர் சட்டையில் குத்தும் சின்னம் ஒன்றைக் கொண்டுவந்து, உண்மையானதா என்று கேட்டார். உலோகத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன். பதில் சரியாக இருந்தது. பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

முன்பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள். நீள்வட்டமான இலைமாலை, நடுவில் கப்பல், உச்சியில் கழுகும் சுவஸ்திகாவும். எனக்கு அதைப் பார்க்க விருப்பமில்லை. நான் திருப்பிவைத்துத்தான் வேலையைத் தொடங்குவேன். போலி செய்கிறவன் முழு உழைப்பையும் முன்பக்கத்தில் போடுகிறான். பின்பக்கத்து ஊசிக்கும் கீலுக்கும் கொக்கிக்கும் வரும்போது களைத்துப்போகிறான். வார்த்து எடுத்ததென்றால் சிறு குமிழிப் பள்ளங்கள் இருக்கும். அச்சில் அடித்ததென்றால் விளிம்பு கூராக இருக்கும். அச்சில் ஒரு கீறல் இருந்தால், அதில் அடித்த எல்லாவற்றிலும் அதே இடத்தில் மெல்லிய கோடு எழும்பி நிற்கும்.

கடைசியாகப் பொன்பூச்சு. போரின் தொடக்க காலத்து நல்ல சின்னங்களுக்குப் பொன்னைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, சூடுகாட்டிப் பாதரசத்தை ஆவியாக்கியிருப்பார்கள். அந்தப் பொன் சற்றுச் சொரசொரப்பாக, ஆழமாகப் பிடித்திருக்கும். பிற்காலத்து மின்முலாம் பெயின்ட் அடித்ததுபோல எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கும்.

புவாண்ட்-கிளேரில் இருக்கும் முசியே டுகே என்ற சேகரிப்பாளர், ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சின்னம் ஒன்றை நான் பார்த்து, உண்மையானது என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தேன். அந்த நவம்பரில், படம் எடுப்பதற்காக அது மறுபடி என் மேசைக்கு வந்தது. கீலுக்குப் பின்னால், கண் போகாத ஒரு மூலையில், பொன் ஒரே சீராகப் படிந்திருப்பதைக் கண்டேன். அச்சு பழையது, சரியானது. அடித்ததும் முலாம் பூசியதும் போருக்குப் பின். நான் பிழைவிட்டிருந்தேன்.

டுகேயை அழைத்துச் சொல்லியிருக்கலாம். அவர் நல்ல மனிதர், சிரித்திருப்பார். ஆனால் ஏப்ரலில் அவர் வீட்டில் சேகரிப்பாளர்கள் ஒன்றுகூடுவதாக இருந்தது, ஜெர்மனியிலிருந்து நிபுணர் ஒருவர் வர இருந்தார். நான் சொன்ன தீர்ப்பு ஒன்றையும் அதுவரை திருப்பி எடுத்ததில்லை. இந்த நாட்டில் என் பெயரைச் சரியாக உச்சரிப்பவர்கள் குறைவு. என் தீர்ப்பைச் சந்தேகிப்பவர்களோ எவரும் இல்லை. தீர்ப்பை மாற்றுவதைவிடச் சின்னத்தை மாற்றுவது எளிது என்று தோன்றியது. முலாமைக் களைந்துவிட்டு, பழைய முறையில் பொன் பூசிவிட்டால் நான் எழுதியது உண்மையாகிவிடும்.

அதற்குப் பயிற்சி வேண்டும். வேறு தகடுகளில் குளிர்காலம் முழுவதும் பழகினேன். யன்னலைத் திறந்தால் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும். ஆகவே மேசையை ஃபேர்னஸ் காற்றை உள்ளே இழுக்கும் வாய்க்கு எதிரே நகர்த்தினேன். பாதரச ஆவி என் முகத்துக்கு வராமல் நேராக உள்ளே போனது. நல்ல ஏற்பாடு. என்னிடம் வடிகட்டி வைத்த முகமூடியும் இருந்தது.

கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு அக்னெஸின் தம்பி ஜெராட் வந்திருந்தான். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் நிற்பவன். வாய் சும்மா இருக்காது.

"அத்தான், ஹிட்லரின்ரை நகைப் பெட்டிக்கு இன்னும் நீங்கள்தானோ காவல்?"

"பேசாமல் சாப்பிடு" என்றாள் அக்னெஸ். "அந்தப் பேயளின்ரை சாமானை வீட்டை விட்டு எடுங்கோ எண்டு நானும் சொல்லிக் களைச்சுப்போனன். மனிசன் சாப்பிடக்கூட மேலை வாறேல்லை."

"அக்கா, நான் ஒரு வழி சொல்லட்டே? வருத்தம் எண்டு சொல்லிப் படு. கையைக் காலை நடுக்கு. அத்தான் ஓடி வாறாரோ இல்லையோ பார்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஜனவரியில் அக்னெஸின் கை நடுங்கத் தொடங்கியது.

நீங்கள் என் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். சந்தேகப்படுவது என் தொழில். போலி என்பது பார்க்கிறவனுக்காகச் செய்யப்படுவது. அதனால் அவளை அவள் அறியாமல் பார்த்தேன். படிக்கட்டின் பாதியில் நின்றால் சமையலறை தெரியும். தனியே நிற்கும்போது கோப்பை ஓரளவு அசையாமல் இருந்தது. நான் உள்ளே போனதும் தேநீர் சிந்தியது. "என்னைப் பாக்காதேங்கோ, பாத்தால் கூட நடுங்குது" என்று கத்தினாள். அவள் கத்துகிற பெண் அல்ல. பூசைக்குப் போவதை விட்டாள். ஜெராட் வந்தாலும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தொழிலில் கற்ற ஒவ்வொரு விதியின்படியும் அது நடிப்பு. அப்படித்தான் தீர்மானித்தேன்.

டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலையிலிருந்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு நாள் முழுவதும் வீட்டில் இருந்தாள்.

வைத்தியரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவளுக்குப் பிரெஞ்சு போதாது, நான் மொழிபெயர்த்தேன். பல் முரசில் இரத்தம் வருகிறது என்றாள், சொன்னேன். நித்திரை இல்லை என்றாள், சொன்னேன். வீட்டில் யாராவது இரசாயனப் பொருட்களோடு வேலை செய்கிறீர்களா என்று வைத்தியர் கேட்டார்.

"என்னவாம்?" என்றாள் அக்னெஸ்.

"வீட்டிலை என்ன வேலை எண்டு கேக்கிறார்."

வைத்தியரிடம், நான் சேகரிப்பாளர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அது பொய்யல்ல. அவர் மனப் பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார். என் தீர்ப்பும் அவருடைய தீர்ப்பும் ஒன்றாக இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

பெப்ரவரியில் ஒருநாள் அவள் படிக்கட்டின் மேலே நின்று கூப்பிட்டாள். கீழே வருவதில்லை, வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கழுத்திலிருந்து தாலிக்கொடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். புறாவும் சிலுவையும் வைத்த தாலி. அவளுடைய தாய் செய்வித்தது.

"இஞ்சை பாருங்கோ, என்ரை தாலி வெளுக்குது."

நான் உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கொடியின் சில கண்ணிகள் வெள்ளி மாதிரி வெளிறியிருந்தன. புறாவின் ஒரு சிறகும் அப்படித்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பியும் பார்த்தேன்.

"கலப்புப் பவுண்" என்றேன். "செய்தவன் ஏமாத்திப்போட்டான்."

"அம்மா பக்கத்திலை நிண்டு உருக்குவிச்சதப்பா."

"உருக்கிறவன்ரை கையை ஆர் பாத்தது?"

கொடியை வாங்கிக்கொண்டாள். கழுத்தில் போடக் கொக்கி பிடிபடவில்லை, கை அப்படி நடுங்கியது. நான் போட்டுவிட்டேன். "நீங்கள் பாத்துச் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றாள். மற்றவர்களைப் போலவே அவளும் என் தீர்ப்பைச் சந்தேகிக்கவில்லை. செத்துப்போன தாயை நினைத்து, அம்மாவை இப்படி ஏமாற்றிவிட்டார்களே என்று அன்று பின்னேரம் முழுவதும் அழுதாள்.

அதன்பிறகும் நான் வேலையை நிறுத்தவில்லை. பொன் அப்போதுதான் சரியாகப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

டுகேயின் சின்னத்தை மார்ச் மாதத்தில் எடுத்தேன். இதுவரை செய்ததெல்லாம் பழக்கம், இதுதான் காரியம். சூடு கூடுதலாக, நேரம் கூடுதலாக வேண்டியிருந்தது. வெளியே கடும் பனிக்காற்று, ஃபேர்னஸ் ஓயாமல் ஓடியது. மேலே கதிரை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. சமையலறையின் நடுவிலிருந்து சல்லடைப் பக்கமாக இழுபட்டு, அங்கே நின்றது. அவளுக்கு அன்று குளிர் தாங்கவில்லை. போர்வையோடு சல்லடையின் மேலே கதிரையைப் போட்டு இருந்திருக்கிறாள். எனக்குக் கீழேயிருந்தே விளங்கியது. முகமூடியின் பட்டியை இறுக்கிக்கொண்டு வேலையை முடித்தேன்.

இரவு அவளுக்கு மூச்சு இழுத்தது. வைத்தியசாலையில் நுரையீரல் அழற்சி என்றார்கள். பெரிய வெள்ளிக்கு முன் இறந்துபோனாள். ஒழுங்காகச் செத்தவீடு செய்தேன். கோயிலில் எல்லாரும் என் கையைப் பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பல்ல, நீங்கள் அதை எழுதிக்கொள்ளலாம். முப்பது வருடம் அவளோடு வாழ்ந்தவன் நான். காலையில் சமையலறைக்குப் போக இன்றைக்கும் என்னால் முடிவதில்லை.

ஏப்ரலில் புவாண்ட்-கிளேருக்குப் போனேன். ஜெர்மனியிலிருந்து வந்தவர் சின்னத்தைத் திருப்பிவைத்துத்தான் பார்த்தார். கீலுக்குப் பின்னாலும் பார்த்தார். சரியென்று தலையை ஆட்டினார். டுகே என்னைக் கட்டிப்பிடித்து, மனைவிக்காக அனுதாபமும் சின்னத்துக்காக நன்றியும் ஒரே மூச்சில் சொன்னார்.

சவப்பெட்டியை மூடுமுன் ஜெராட் தமக்கையின் தாலிக்கொடியைக் கழற்றி எடுத்து வைத்திருந்தான். எனக்குத் தெரியாது. பொன் வெளிறியது அவனுக்கு உறுத்தியிருக்கிறது. சந்தைக்குக் கிட்ட உள்ள நகைக்கடையில் கொடுத்தானாம். கடைக்காரர் ஒரு கண்ணியைச் சூடாக்கியதும் மஞ்சள் திரும்பி வந்ததாம். "தம்பி, இதிலை பாதரசம் ஏறியிருக்கு, இதைப் போட்ட ஆள் எங்கை?" என்று கேட்டாராம். அவன் என்னிடம் வரவில்லை. உங்களிடம் வந்தான். நத்தாருக்குத் தான் சொன்ன பகிடியை அவன் இப்போது திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிறான் என்று கேள்விப்பட்டேன். அவன்மேல் பிழையில்லை என்று சொல்லிவிடுங்கள்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். அவளுக்கு நடப்பது எனக்கு எப்போதிலிருந்து தெரியும்? கொல்ல நினைக்கவில்லை என்று முதலில் சொன்னேன். நடிப்பென்று நம்பினேன் என்று பிறகு சொன்னேன். மேலே எழுதியதிலும் அதையே எழுதியிருக்கிறேன், வாசித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. முன்பக்கம் நன்றாக இருக்கிறது.

அந்தக் கொடி இப்போது உங்கள் சான்றுப்பொருள் உறையில் இருக்கிறது. உண்மையானதா என்று பார்க்க ஓர் ஆளைத் தேடுவதாகச் சொன்னீர்கள். தேட வேண்டாம். பெப்ரவரியில், அவள் எனக்கு முன்னால் நின்றபோதே நான் பார்த்துவிட்டேன். கலப்பில்லாத பவுண், அதன்மேல் என் பாதரசம்.

இருபத்திரண்டு கரட். அன்றும் அதுதான்.