ஆடி மாசத்து அறுபத்தஞ்சாயிரம்

— அப்ப அந்தப் பங்கு இப்ப நம்ம கையில இல்லையா?

— இல்ல சுதா. வெள்ளிக்கிழமையோட போச்சு. காலையில, நமக்காகப் பங்கை வாங்கிப் போட்ட ரமேஸ் கனடாவுலருந்து பேசினான். இருபத்தேழு லட்சம், காசா வந்துருச்சாம். கணக்குப்படி பாத்தா நட்டம் இல்ல, லாபம்தான்.

— நட்டம்னு நான் சொல்லலைங்களே. எனக்கு வெளங்குற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க.

— பாரு, அது தங்கச் சுரங்கக் கம்பெனிப் பங்கு. தங்கம் குதிச்சா அதுவும் குதிக்கும், விழுந்தா விழும். அங்க ஒருத்தன் மாசாமாசம் நமக்குக் காசு தருவான். எதுக்கு? வெலை ஏறிருச்சுன்னா, பேசின வெலைக்கே பங்கை அவனுக்குக் குடுத்துரணும். ஏறலைன்னா பங்கும் நமக்கு, அவன் தந்த காசும் நமக்கு.

— இப்ப ஏறிருச்சு.

— ஏறிருச்சு.

— தராசை விடுங்க. சீனி சிந்துது.

— மாசம் நாப்பதாயிரம் சுதா. இந்தப் பசறையில கடை வச்சிருக்கிற எவனுக்கு அப்படி வருது? நாலு நாள் மழை பிடிச்சா தோட்டத்துச் சனம் கடைப்பக்கம் வராது. அந்த மாசமும் நம்ம வீட்டுல அடுப்பு எரிஞ்சுச்சுல்ல?

— எரிஞ்சுச்சுங்க. போன வருசம் ஆடியில அறுபத்தஞ்சாயிரம் குடுத்தீங்க. நல்ல மாசம்னு சொன்னீங்க. அதுலதான் நம்ம புள்ளை விதுர்ஷாவுக்கு போன் வாங்கினோம்.

— ஆமா. அது நல்ல மாசம்.

— என் நகை பதினஞ்சு பவுனை வித்துத்தானே அந்தப் பங்கு வாங்கினீங்க. இருபத்தேழு லட்சத்துக்கு இன்னைக்கு எத்தனை பவுன் வரும்?

— எட்டு. செய்கூலி போனா ஏழரைன்னு வை.

— தங்கம் ஏறினா பங்கும் ஏறும், நகையைத் திருப்பி வாங்கிரலாம்னு சொன்னீங்க.

— அந்த ஏத்தத்தைத்தானே மாசாமாசம் வித்துத் தின்னுருக்கோம். அப்ப எனக்கு அது வெளங்கலை. இப்பவும் தலைக்குள்ள ஒன்னும் ஓடலை. அழுகையாவது வரணும், அதுவும் வரலை.

— எனக்கும் வரலைங்க. ஹல்துமுல்லையிலருந்து விதுர்ஷாவுக்குப் பாத்த மாப்பிள்ளையோட அம்மா நேத்துப் பேசினாங்க. தையில கல்யாணம், சொன்னபடி பதினஞ்சு பவுன் போட்டுருவீங்கதானேன்னாங்க. ஆமான்னுட்டேன்.

— எந்த தைரியத்துல ஆமான்ன?

— சீட்டு இருக்குங்கிற தைரியத்துலதான். பதுளையில நகையை வித்தப்ப நகைக்கடை பாக்கியலெட்சுமி அக்கா கைப்பட எழுதிக் குடுத்தாங்களே. நகையை உருக்க மாட்டேன், ரெண்டு வருசத்துக்குள்ள இருபத்தாறு லட்சம் கொண்டாந்தா அதே நகையைத் தந்துருவேன், தங்கம் எங்க போனாலும் சரின்னு. கார்த்திகை வரைக்கும் தவணை இருக்கு. காசும் வந்துருச்சு. சீட்டைக் குடுங்க.

— அது வந்து... கடைக்குப் பெயின்ட் அடிச்சப்ப எங்கயோ மாறிப் போச்சு. தேடணும்.

— தேடுங்க.

— கெடைச்சாலும் அந்தம்மா மதிக்காது சுதா. யாவாரிதானே அதுவும். இன்னைக்கு வெலைக்கு அந்த நகை அம்பது லட்சம் போகும். யாரு தருவா?

— சீட்டு இருந்திருந்தா மறுபேச்சு இல்லாம தந்திருப்பேன்னுதான் சொன்னாங்க.

— எப்ப?

— இன்னைக்குக் காலையில. மொத பஸ்ஸுல பதுளைக்குப் போனேன்.

— சுதா...

— போன வருசம் ஆடியில நீங்க அங்க போனீங்களாம். எங்களுக்கு இனி அந்த நகை வேணாம், உருக்கிக்குங்கன்னு சொன்னீங்களாம். இருபத்தஞ்சாயிரம் வாங்கிக்கிட்டு அவங்க முன்னாலயே சீட்டைக் கிழிச்சீங்களாம்.

— புள்ளை போன் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பங்கே தங்கம்தானே, சீட்டு வேற எதுக்குன்னு நெனச்சேன். சும்மா கெடக்குற கடுதாசிக்கு இருபத்தஞ்சாயிரம் வருதேன்னு... நான் செஞ்சது தப்புத்தான். அவகிட்ட மட்டும் சொல்லிராத.

— நான் தனியாப் போகலைங்க. தனக்குப் போடப்போற நகையைப் பாக்கணும்னு அவளும் கூட வந்தா. எந்த மாசம், எவ்வளவுன்னு அக்காகிட்ட அவதான் கேட்டா.

— என்ன சொன்னா?

— பஸ்ஸுல வர்றப்ப போன்லருந்து சிம்மைக் கழட்டினா. இந்தாங்க போன். அப்பாகிட்டக் குடுத்துருங்கம்மா, இனிமே மாசக் காசு வராதுல்லன்னா.