நூற்று நாற்பத்தேழு தோல்விகளும் வெற்றிச்செல்வியின் காலைத் தீனியும்

ஓடிய பந்தயங்களில் எல்லாம் முதலில் வந்து, இன்று இந்த மேடைக்கும் முதல் ஆளாக வந்து, வெற்றிக்கோப்பையைப் பெற்ற பிள்ளையைப் போல மடியிலேயே வைத்திருக்கும் விழாத் தலைவர், திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி, என் ஆருயிர் எதிரி கஜபதி அவர்களே! குதிரைக்காக ஜெபிக்க முடியாது என்று என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டு, குதிரை விழாவுக்கு மட்டும் குடும்பத்தோடு வந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே! ஆந்திர எல்லை தாண்டி நகரியிலிருந்து வந்திருக்கும் அண்ணகாருமார்களே! "இந்த வயசில் இவருக்கு எதுக்கு இந்த விளையாட்டு" என்று என் காதுபடவே பேசிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில், மூன்றாம் நாற்காலியில், என்னை நம்பாத பார்வையோடு வீற்றிருக்கும் என் இல்லத்தரசி யூனிஸ் அவர்களே! உங்கள் அனைவரின் பாதம் பணிந்து, தோற்றவன் பேசுகிறேன்!

என் பெயர் எலியேசர். முகம் தெரியாவிட்டாலும் என் குரல் உங்களுக்குத் தெரியும். திருத்தணித் தெருக்களில் ஆட்டோவில் வலம் வருகிறதே, "வந்துவிட்டது, வந்துவிட்டது, ஆடித் தள்ளுபடி" என்று ஒரு குரல், அது அடியேன் குரல்தான். என் குரலால் ஜவுளிக்கடை ஜெயித்தது. பாத்திரக்கடை ஜெயித்தது. பல் மருத்துவர்கூட ஜெயித்தார். ஆனால் என் குதிரை? என் குதிரை ஜெயித்ததா?

யாரது பின்னால், "இல்லை" என்று அவ்வளவு ஆனந்தமாகச் சொல்வது? கோதண்டபாணியா? நல்லது. உட்காருங்கள்.

புதிதாக வந்திருப்போருக்காகச் சொல்கிறேன். இது கைபேசிக்குள் ஓடும் குதிரை. காசு கட்டும் சமாசாரம் இங்கே இல்லை, அந்தப் பாவத்துக்கு நாங்கள் போவதில்லை. ஆளுக்கொரு லாயம், ஆளுக்கொரு குதிரை. நாள்தோறும் காலை எட்டு மணிக்கு ஒரு பந்தயம். ஏழு வாரம் சேர்ந்தால் ஒரு பருவம். மூன்று பருவம் முடிந்தும் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத குதிரையை அந்த விளையாட்டே லாயத்திலிருந்து எடுத்துவிடும். எடுத்தால் எடுத்ததுதான். திரும்ப வராது. மூன்று பருவம் இன்றோடு முடிகிறது, அன்பர்களே! நூற்று நாற்பத்தேழு பந்தயம்! நூற்று நாற்பத்தேழு தோல்வி! இன்று மாலை ஆறு மணிக்கு என் குதிரை வெற்றிச்செல்வி இருக்க மாட்டாள்.

யூனிஸ், அப்படிப் பார்க்காதே. ஆமாம், இந்த விதியை உன்னிடம் நான் சொல்லவில்லை. இன்று உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. அதற்குத்தான் முந்நூறு சாட்சிகளோடு வந்திருக்கிறேன்.

"தொடர் தோல்வியைத் தாங்குவது எப்படி" என்று பேசச் சொல்லி இருக்கிறார் தலைவர். எப்படித் தாங்கினேன்? தாங்கவில்லை ஐயா! பழி போட்டேன்! முதல் பத்துத் தோல்விக்குக் குதிரைமேல் பழி. அடுத்த இருபதுக்கு அதன்மேல் உட்கார்ந்திருந்த ஜாக்கிமேல் பழி. அதற்கப்புறம் செல்போன் டவர்மேல் பழி. நம் ஊர் நிலைமைதான் உங்களுக்குத் தெரியுமே! மலைக்கு இந்தப் பக்கம் நின்றால் தமிழ்நாட்டு டவர், இரண்டு அடி தள்ளி நின்றால் ஆந்திரா டவர். என் குதிரை தமிழ்நாட்டில் புறப்பட்டு, ஆந்திராவைச் சுற்றிக்கொண்டு, மறுபடி தமிழ்நாட்டுக்கு வருவதால்தான் தாமதம் என்று ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததோடு விட்டேனா? காலை ரயிலைப் பிடித்து, ஆந்திரா டவர் எட்டாத மணவூர் போய், நடைமேடையில் நின்று பந்தயம் விட்டேன். அப்போது ஒரு சரக்கு ரயில் வந்தது. ஐம்பது பெட்டி. அத்தனை பெட்டியும் மெதுவாகக் கடந்து போன பிறகுதான் வெற்றிச்செல்வி எல்லைக்கோட்டைத் தொட்டாள்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். தலைவர் கஜபதி அன்றைக்கே சிரித்து முடித்துவிட்டார். தினமும் எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு என் போன் மணி அடிக்கும். எடுத்தால், மச்சான் முறை வைத்து ஒரே கேள்வி: "இன்னா பாவா, உன் குதிரை வந்துட்ச்சா, இல்ல வந்துகினே இருக்குதா?" நூற்று நாற்பத்தாறு நாள் கேட்டார் ஐயா இந்தக் கேள்வியை! ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். அன்றும் விடவில்லை. மனைவியை விட்டுக் கேட்கச் சொன்னார்!

போதகர் ஐயாவிடம் போனேன். "ஐயா, ஒரு சின்ன ஜெபம்" என்றேன். யாருக்கு என்றார். குதிரைக்கு என்றேன். குதிரை எங்கே என்றார். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

இப்படியாக வெட்கம் போய், வேதனை போய், வீம்பு மட்டும் மிச்சமிருந்த வேளையில்தான், போன ஞாயிற்றுக்கிழமை, உண்மை என் வீட்டு வாசலில் ஒரு கட்டுக் கரும்போடு வந்து நின்றது. வந்தவள் தலைவரின் மகள் யுவஸ்ரீ. அப்பா கொடுத்தனுப்பிய கரும்பை இறக்கி வைத்தாள். மேசைமேல் கிடந்த என் கைபேசியைப் பார்த்தாள். பார்த்தவள் பதறினாள்.

"மாமா, எட்டு மணிக்கு ரேசு. ஏழரைக்கு செல்விக்கு மூணு வாட்டி தீனி போட்டுகிது. யாரு போட்டது?"

"ஏம்மா, போடக்கூடாதா?"

"ரேசுக்கு ஆறு மணி நேரம் முன்னாடியே நிறுத்திடணும் மாமா. வவுறு ரொம்பிப் போச்சுன்னா அது எப்பிடி ஓடும்? நடக்கத்தான் செய்யும். எல்லாம் உள்ளாறயே எழுதிகிதே, நீங்க படிக்கலியா?"

படிக்கவில்லை. பேசியே பிழைத்தவன் நான். படிப்பதற்கு எனக்கு எங்கே நேரம்?

அப்போது சமையலறையிலிருந்து கரண்டிச் சத்தம் கேட்டது. யுவஸ்ரீ என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். உதட்டில் விரல் வைத்தேன்.

தாய்மார்களே! யூனிஸ் யார் தெரியுமா? கனகம்மாசத்திரம் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டு சத்துணவு அமைப்பாளர். மழையோ வெயிலோ, கடையடைப்போ பரீட்சையோ, ஒரு பிள்ளையை வெறும் வயிற்றோடு வகுப்புக்கு அனுப்பாதவள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கரண்டியைக் கீழே வைத்தாள், கைதான் சும்மா இருக்கவில்லை. நான் குளிக்கப் போகும் நேரத்தில் மேசைமேல் கிடக்கும் கைபேசிக்குள் ஒரு குதிரை காலைத் தட்டுகிறது, தலையைத் திருப்பித் திரையை விட்டு வெளியே பார்க்கிறது. அவள் என்ன செய்வாள்? நீங்கள் என்ன செய்வீர்கள்? திரையில் எந்த இடத்தையோ தொட்டாள். அது தின்றது. யுவஸ்ரீ வந்ததற்கு முந்தின வாரம்தான் என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள், நான்தான் காதில் வாங்கவில்லை:

"ஒரு வாட்டி போட்டா போதுமாங்க? ரெண்டாவது வாட்டி அதுவா கேக்கக் கூச்சப்படும். நாமதான் பாத்துப் போடணும்."

இதுதான் ஐயா என் தோல்வியின் ரகசியம்! வெளியே கிளம்பும் யாரையும் சாப்பிடாமல் அனுப்பாத வீடு என் வீடு! போஸ்ட்மேன் வந்தாலும் காபி, மின்கணக்கு எடுக்க வந்தாலும் இட்லி. அந்த வீட்டிலிருந்து ஒரு குதிரை மட்டும் வெறும் வயிற்றோடு ஓடப் போய்விடுமா? மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, மறுசோறும் வாங்கிக்கொண்டு, நூற்று நாற்பது நாள் என் வெற்றிச்செல்வி மைதானத்தில் காலை நடைப்பயிற்சி செய்திருக்கிறாள்!

காரணம் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னேனா? இரண்டாயிரம் மேடை கண்ட இந்த நாக்கு, ஒரே ஒரு பெண்மணியின் முன்னால் மடங்கி நின்றுவிட்டது. திங்கட்கிழமை ஆரம்பித்தேன்: "யூனிஸ், இந்தக் குதிரைங்க ஓடறதுக்கு முன்னாடி…" "இன்னாங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, சட்னி நல்லா இருக்குது" என்றேன். செவ்வாய்க்கிழமை சாம்பார் நல்லா இருந்தது. புதன்கிழமை, எதுவுமே நல்லா இல்லாத நாளில், உப்புமா நல்லா இருந்தது! சனிக்கிழமை வரை ஆறு நாள், காரணம் தெரிந்தே தோற்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆறு தோல்வியும் எனக்கு வலிக்கவே இல்லை. முப்பத்தோரு வருடம் சோறு போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சோறு போட்டதால்தான் தோற்றோம்" என்று எந்த வாயால் சொல்வேன்?

ஆனால் இன்று கடைசிப் பந்தயம். ஜெயித்தால் செல்வி இருப்பாள். தோற்றால் போவாள். ஆகவே, அவையோரே, ஒரு கோழைத்தனம் செய்தேன். காலையில் குளிக்கப் போகும்போது கைபேசியை எடுத்து, என் பைபிள் உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினேன். போதகர் ஐயா கண்ணை மூடிக்கொள்கிறார். மூடிக்கொள்ளுங்கள் ஐயா, அடுத்தது இன்னும் மோசம். "ஏங்க, போன் எங்க?" என்று யூனிஸ் கேட்டாள். "சார்ஜ்ல கீது" என்றேன். ஞாயிற்றுக்கிழமை. கையில் வேதப்புத்தகத்தோடு. அவள் அடுப்படி, அலமாரி, தலையணைக்கடி எல்லாம் தேடினாள். பிறகு எனக்கு இட்லி வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. எழுந்துவிட்டேன்.

எட்டு மணிக்கு ஆலய வாசலில், வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பந்தயக் கதவு திறந்தது. என் செல்வி பறந்தாள், தோழர்களே! மூன்று பருவம் முதுகுகளை மட்டுமே பார்த்தவள், இன்று முன்னால் யாருமே இல்லாமல் ஓடினாள்! முதல் வளைவில் முதலிடம்! இரண்டாம் வளைவில் முதலிடம்! என் கண்ணில் தண்ணீர்! கடைசி நூறு அடியில் பக்கவாட்டில் வந்தது ஒரு கறுப்புக் குதிரை. யாருடையது? தலைவரே, நீங்களே சொல்லுங்கள். உங்கள் கரும்புராஜா! மூக்கு நுனி வித்தியாசம். செல்வி இரண்டாவது.

ஏன் கைதட்டல் இல்லை? தோற்றதற்காக நான் இப்போது நிற்கவில்லை. அதற்குப் பழகிவிட்டேன். பந்தயம் முடிந்து லாயத்துக்கு வந்தவள் காலைத் தட்டினாள். தலையைத் திருப்பி வெளியே பார்த்தாள். தீனி போடலாம் என்று விரலை வைத்தேன். எங்கே வைப்பது? சேணத்தைத் தொட்டேன், குதிரையின் வாலைத் தொட்டேன், பெயர்ப்பலகையைத் தொட்டேன். எங்கே போட்டால் தின்னும் என்று எனக்குத் தெரியவில்லை ஐயா! மூன்று பருவமாக அந்தக் குதிரைக்குச் சொந்தக்காரன் நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட நான் அதற்குத் தீனி போட்டதில்லை. யாரையும் கேட்க வெட்கம். யூனிஸிடம் கேட்கப் பயம். காலையிலிருந்து அது காலைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, இதோ இந்தச் சட்டைப்பைக்குள். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில், கடைசி நாளில், என் வீட்டிலிருந்து ஒரு ஜீவனைப் பட்டினியாக அனுப்பினேன். இதுதான் என் வாழ்வின் ஒரே தோல்வி. மீதி நூற்று நாற்பத்தாறும் கணக்கில்லை.

யூனிஸ், என்னை மன்னித்துவிடு.

இருங்கள், அமைதி, அமைதி. அவள் எழுந்து நிற்கிறாள். என்னம்மா? உரக்கச் சொல். "ஆறு மணிக்குத்தானே எடுப்பான்?" என்று கேட்கிறாள். ஆமாம், ஆறு மணிக்குத்தான். "இப்ப மணி இன்னா ஆவுது?" ஐந்தேகால். என்ன? "போனைக் குடுங்க." வழிவிடுங்கள் நண்பர்களே, பச்சையப்பன், அந்த நாற்காலியை நகர்த்துங்கள், படி ஏறி வருகிறாள். தலைவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கைகொடுக்கிறார், கோப்பை வாங்கிய இந்த மூன்று மாதத்தில் அது அவர் மடியை விட்டு இறங்கியது இன்றுதான்!

இதோ, கொடுத்துவிட்டேன். கண்ணாடியை மாட்டுகிறாள். தொடுகிறாள். பெரியோர்களே, தின்கிறாள்! செல்வி தின்கிறாள்! இரண்டாவது முறை போடுகிறாள். யுவஸ்ரீ, எட்டிப் பார்த்து நீயே சொல் மாமாவுக்கு. "காலைத் தட்டறத நிறுத்திட்ச்சு மாமா!" கேட்டீர்களா? மூன்றாவது முறையும் போடுகிறாள். போடட்டும்! இனி எந்தப் பந்தயம் இருக்கிறது, வயிறு நிறைந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

சபையோரே! தோற்றவன் வீடு திரும்பும்போது நாம் என்ன கேட்கிறோம்? எங்கே தவறினாய் என்று கேட்கிறோம். ஏன் தவறினாய் என்று கேட்கிறோம். பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம், வியாபாரத்தில் தோற்ற தம்பியிடம், வேலையில் தோற்ற மகளிடம், வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்கிறோம்! கேட்பதை எல்லாம் நாளைக்குக் கேளுங்கள்! முதலில் உட்கார வையுங்கள்! முதலில் இலையைப் போடுங்கள்! அவன் கூச்சப்படுவான், இரண்டாவது முறை அவனாகக் கேட்க மாட்டான், நீங்களே பார்த்துப் போடுங்கள்! இதைத் தவிரத் தோல்விக்கு மருந்து என்று நான் எதையும் கண்டதில்லை.

இப்போது அவள் என் பக்கம் திரும்புகிறாள். திட்டப் போகிறாள் என்று நினைக்கிறேன். ஒலிவாங்கியை மூடுகிறேன், ஒரு நிமிடம்.

திட்டவில்லை, அன்பர்களே. சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நீங்களும் காலைலேந்து ஒண்ணும் சாப்புடல. சீக்கிரம் முடிச்சிட்டு வாங்க."

முடித்துவிட்டேன், யூனிஸ். பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கும், சிரித்த வாய்களுக்கும், நூற்று நாற்பத்தேழு முறை என்னைத் தோற்கடித்துத் தோழனாகவே நின்ற தலைவர் கஜபதிக்கும், திருத்தணி மண்ணுக்கும் நகரி நண்பர்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம். நான் சாப்பிடப் போகிறேன்.