வெட்டுப்பட்ட தலை கேட்டது

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் ஜாஸ்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் போன பஸ்ஸில், பேச்சு நின்றுபோன மாமனும் மச்சானும் ஒரே சீட்டில் மாட்டிக்கொண்டார்கள். மச்சான்தான் ஆரம்பித்தார்.

"சிடியில ஒரு ஜப்பான் படம் பாத்தேன் மாமா. பழிவாங்க வருஷக்கணக்கா அலைஞ்சு, எதிரி தலையை வெட்டுறான். வெட்டுன தலை 'சாப்ட்டியா?'ன்னு கேக்குது."

"நாம கொட்டாயில மணலைக் குவிச்சு ஒக்காந்து பாத்த படத்துல தலையெல்லாம் பேசாது மச்சான்."

"அது அந்தக் காலம். எங்கப்பா சாவுக்கே வராதவரு நீங்க."

"தப்புதான். நாளைக்குப் பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் ஒன் மடி வேணும்."

"வரமாட்டேன்."

பஸ் முட்லூரில் நின்று கிளம்பியது. பிறகு மாமன் மெதுவாகக் கேட்டார்.

"சாப்ட்டியா மச்சான்?"

மச்சான் சிரித்துவிட்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காத்தால எத்தினி மணிக்கு வரணும்?"

அது முட்லூரா, புதுச்சத்திரமா என்று தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள்.